திரும்பும் சீட்டு ஒருவருக்கு மட்டும்

1919 ஏப்ரல் 12. பாரிஸின் ரோஷெஷுவார் தெருவில் ஒரு வீட்டுக் கதவைப் போலீஸார் தட்டினார்கள். உள்ளே இளம் காதலியோடு குடியிருந்தவனின் பெயர், அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்தவரை, லூசியான் கியே. வழுக்கைத் தலை, அடர்ந்த தாடி, ஆழ்ந்த கண்கள். அன்று அவனுடைய ஐம்பதாவது பிறந்தநாள். அவனிடமிருந்து ஒரு சின்னக் கணக்குப் புத்தகத்தைக் கைப்பற்றினார்கள். அப்போதைக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. கடைசியில் அவன் தலையை வாங்கியது அதுதான்.

புத்தகத்தில் தினசரிச் செலவுகள் காசு பிசகாமல் எழுதப்பட்டிருந்தன. ஒரு பக்கத்தில் மட்டும் விளக்கம் ஏதுமில்லாத ஒரு பட்டியல். பதினோரு வரிகள். குஷே, அதே குடும்பப் பெயரில் இன்னொருவர், பிரேசில், க்ரொசாத்தியே, ஹாவ்ர், புயிசோன், கொலோம், பாப்லே, ஜோம், பஸ்கால், மர்ஷாதியே. சில ஆட்களின் பெயர்கள், சில ஊர் அல்லது தெருவின் பெயர்கள் மாதிரி இருந்தன. வேறு பக்கங்களில் ரயில் செலவு: போய்வரும் சீட்டு ஒன்று, போகும் சீட்டு ஒன்று. வெவ்வேறு தேதிகளில், திரும்பத் திரும்ப. இரண்டு பேர் கிளம்பிப் போயிருக்கிறார்கள், ஒருவர்தான் திரும்பியிருக்கிறார்.

அவனுடைய உண்மையான பெயர் ஆன்றி தெசிரே லாந்த்ரு. 1915 முதல் 1919 வரை பத்துப் பெண்களையும் ஒரு பையனையும் கொன்றதாக அவன்மேல் குற்றம் சாட்டப்பட்டது. பத்துப் பெண்களும் திருமணத்தையோ காதலையோ நம்பி அவனோடு போனவர்கள். பெரும்பாலானவர்களை அவன் செய்தித்தாள் விளம்பரம் மூலம் பிடித்தான்.

இந்தக் கதையை வழக்கமாகச் சொல்கிற விதம் எனக்குப் பிடிப்பதில்லை. பெண்களை மயக்கும் கண்கள், தேன் ஒழுகும் பேச்சு, கண்டவர் மனதைக் கரைக்கும் மாயம் என்று அவனை ஒரு கதாநாயகன் அளவுக்கு ஏற்றிவிட்டு, பெண்களை ஏமாந்த கூட்டமாகச் சுருக்கிவிடுவார்கள். ஆவணங்களைப் பார்த்தால் தெரிகிற ஆள் வேறு. அவன் ஒரு பழைய சாமான் வியாபாரி, பழகிப்போன மோசடிக்காரன், கணக்கு எழுதுவதில் கெட்டி. அவன் அத்தனை வருடம் பிடிபடாமல் இருந்ததற்கு அவன் சாமர்த்தியத்தைவிட அந்தக் காலத்து பிரான்ஸின் நிலைமைதான் பெரிய காரணம்.

1869-ல் பாரிஸில் பிறந்தவன். சிறுவயதில் தேவாலயத்தில் பூசை உதவிகள் செய்தவன். ராணுவ சேவை முடித்து மரி-கத்ரீன் ரெமி என்பவரைத் திருமணம் செய்து நான்கு பிள்ளைகளுக்குத் தகப்பனானான். 1900-களின் தொடக்கத்திலிருந்து மோசடி வழக்குகளில் சிறைக்குப் போவதும் வருவதுமாக இருந்தான். 1909-ல் லில் நகரத்தில் ஒரு விதவையைத் திருமண விளம்பரம் மூலம் பிடித்து, அவருடைய சேமிப்பை வாங்கிக்கொண்டு ஓடப் பார்த்தான். அந்தப் பெண் போலீஸில் புகார் கொடுத்தார். மூன்று வருடச் சிறை. 1912-ல் அவனுடைய தந்தை தற்கொலை செய்துகொண்டார்.

1914 ஜூலையில் இன்னொரு மோசடி வழக்கில், ஆள் இல்லாமலேயே, அவனுக்கு நான்கு வருடச் சிறைத்தண்டனை விதித்தார்கள். அதோடு, தொடர் குற்றவாளி என்பதால் கடல் கடந்த தண்டனைக் குடியேற்றத்துக்கு நாடு கடத்தவும் உத்தரவு. அந்தக் காலத்தில் அதற்குத் தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானா என்று அர்த்தம். போனவர்களில் பலர் காய்ச்சலில் மாண்டுபோன இடம். ஆக, இனி யார் ஒரு சின்னப் புகார் கொடுத்தாலும் அவன் வாழ்க்கை முடிந்தது. லில் நகர விதவை உயிரோடு இருந்ததால்தான் புகார் கொடுக்க முடிந்தது என்பது அவனுக்கு மறந்திருக்காது. ஏமாற்றுக்காரன் கொலைகாரனாக மாறியது இந்தப் புள்ளியில்தான் என்று நினைக்கிறேன். அடுத்த மாதமே போர் வெடித்தது.

முதல் பெண் ஜான் குஷே. உள்ளாடை தைக்கும் தையல்காரர், விதவை, அந்த்ரே என்ற பதின்வயது மகனின் தாய். போருக்குச் சில மாதம் முன்பே லாந்த்ருவைச் சந்தித்துவிட்டார். அவரிடம் தன் பெயர் 'தியார்' என்று சொல்லியிருந்தான். அவர் கண்மூடித்தனமாக நம்பியவர் இல்லை. 1914 ஆகஸ்டில் அவன் காணாமல் போனபோது, சகோதரியின் கணவரோடு சேர்ந்து அவன் விட்டுப்போன பெட்டியை உடைத்துத் திறந்தார். உள்ளே அவனுடைய உண்மையான பெயர், மனைவி மக்கள் விவரம், வேறு பெண்களின் கடிதங்கள் எல்லாம் இருந்தன. உறவை முறித்தார். அப்புறம் அவன் திரும்பி வந்து ஏதோ சொல்லிச் சமாதானம் செய்துவிட்டான். அந்த வருடம் டிசம்பரில் பாரிஸுக்கு வெளியே வெர்னுயே கிராமத்தில் ஒரு வீட்டில் மூவரும் குடியேறினார்கள். 1915-ன் தொடக்கத்துக்குப் பிறகு தாயையும் மகனையும் யாரும் பார்க்கவில்லை. போருக்குப் போக வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்த பையன் அந்த்ரே. வயது வந்ததும் போயிருப்பான்.

அதன் பிறகு லாந்த்ரு அதைத் தொழிலாகவே செய்தான். 1915 மே மாதம் ஒரு பாரிஸ் நாளிதழில் விளம்பரம் வந்தது. 45 வயது, தனி ஆள், குடும்பம் இல்லை, 4,000 பிராங்க் வருமானம், சொந்த வீட்டுச் சாமான்கள் உண்டு, தகுந்த வயதும் வசதியும் உள்ள பெண்ணை மணக்க விருப்பம். எழுத்துக்குக் காசு என்பதால் எல்லாச் சொற்களும் பாதியில் வெட்டப்பட்ட அந்த விளம்பரத்தில் கவர்ச்சி என்று எதுவுமே இல்லை. அதுதான் அதன் பலம். நிதானமான, நடுத்தர வயது, மரியாதையான மனிதன் ஒருவன் துணை தேடுகிறான். நம்பாமல் இருக்க என்ன காரணம்?

பதில்கள் குவிந்தன. அவற்றை அவன் பிரித்து அடுக்கினான். பணம் இல்லாதவர், மரச்சாமான் இல்லாதவர், பணம் இருக்கக்கூடியவர், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கையிருப்பில் வைத்தவர். இப்படித் தலைப்புப் போட்டுக் கோப்புகள். மொத்தம் 283 பெண்களோடு அவனுக்குத் தொடர்பு இருந்ததாகப் போலீஸார் பின்னர் கணக்கிட்டார்கள்.

மரச்சாமானா என்று தோன்றும். அன்றைய பாரிஸில் தனியாக வாழ்ந்த ஒரு தையல்காரருக்கோ வீட்டு வேலை செய்து ஓய்வு பெற்றவருக்கோ கட்டில், அலமாரி, மெத்தை, துணிமணிதான் வாழ்நாள் சொத்து. கொஞ்சம் பத்திரச் சேமிப்பும் இருக்கும். பழைய சாமான் வியாபாரியான லாந்த்ருவுக்கு அதன் விலை அத்துப்படி. "நாம் ஒன்றாகக் குடிபோகப் போகிறோமே, இரண்டு வீட்டு வாடகை எதற்கு" என்ற பேச்சில் பெண்ணின் வீடு காலியாகும், சாமான் அவனுடைய கிடங்குக்குப் போகும். பிறகு கிராமத்து வீட்டுக்கு ஒரு பயணம்.

அவன் குறிவைத்தவர்களைப் போர் விதவைகள் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அந்தப் போரில் பிரான்ஸ் சுமார் 14 லட்சம் வீரர்களை இழந்தது, சுமார் 6 லட்சம் பெண்கள் விதவைகளானார்கள். அதனால் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் பட்டியலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் நாற்பதை ஒட்டியவர்கள் அல்லது கடந்தவர்கள், போருக்கு முன்பே கணவரை இழந்தவர்கள், மணமுறிவு பெற்றவர்கள், கணவரைப் பிரிந்தவர்கள். போர் அவர்களுடைய கணவர்களைப் பறிக்கவில்லை. அவர்கள் இனி சந்தித்திருக்கக்கூடிய ஆண்களைப் பறித்தது. வயது ஏறிக்கொண்டிருந்தது, ஆண்களெல்லாம் போர்முனையில். அந்த நேரத்தில் ஒரு ஆண் முறையாகத் திருமணம் பேச வருகிறான்.

விதவையை ஏன் தேடினான் என்பதற்குச் சட்டத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. நெப்போலியன் காலத்துக் குடியியல் சட்டப்படி, திருமணமான பெண் கணவனின் ஒப்புதல் இல்லாமல் சொத்தை விற்கவோ ஒப்பந்தம் போடவோ முடியாது. 1938 வரை இந்த நிலைமைதான். விதவைக்கு அந்தத் தடை கிடையாது, அவர் கையெழுத்து செல்லும். மறுபடி திருமணம் ஆனால் புதுக் கணவன் கைக்குத்தான் நிர்வாகம் போகும் என்பது எல்லோரும் அறிந்தது. எனவே கல்யாணத்துக்கு நாள் குறித்த மனிதன் பத்திரங்களைப் பற்றி விசாரிப்பதும், "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாங்கி வைத்துக்கொள்வதும் யாருக்கும் உறுத்தவில்லை. அந்தச் சமூகம் நல்ல கணவனிடம் எதிர்பார்த்த நடத்தையே அதுதான்.

திருமணம் ஏன் தள்ளிப்போகிறது என்று கேட்டால் அதற்கும் போரே பதில் கொடுத்தது. தான் வடக்கே, ஜெர்மானியர் பிடித்துவைத்திருக்கும் பகுதியிலிருந்து ஓடி வந்த தொழிலதிபன் என்பான். பிறப்புச் சான்றிதழ் அங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது, போர் முடிந்தால்தான் வரும். யார் போய்ச் சரிபார்ப்பது? அந்த ஊர்களுக்குக் கடிதமே போகாது.

பெண்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெர்த் எயோன், 55 வயது. கணவரையும் பிள்ளைகளையும் இழந்தவர். அவரிடம் துனீசியாவில் புது வாழ்க்கை தொடங்கலாம் என்றான். மரி-ஆன்ஜெலிக் கியான் வீட்டு நிர்வாகியாக வேலை பார்த்து, கொஞ்சம் பணத்தோடு ஓய்வு பெற்றவர். அவரிடம் தனக்கு ஆஸ்திரேலியாவில் தூதரகப் பதவி கிடைக்கப்போகிறது, விருந்தினரை உபசரிக்க ஒரு மனைவி வேண்டும் என்றான். ஆன்னா கொலோம் காப்பீட்டு நிறுவனத்தில் தட்டச்சர். செலஸ்தீன் புயிசோன் தன் சேமிப்போடு மறுமணத்துக்குக் காத்திருந்தவர், அவரை இரண்டு வருடத்துக்கு மேல் காக்க வைத்தான். லூயிஸ் ஜோம் மிகுந்த தெய்வபக்தி உள்ளவர், கணவரைப் பிரிந்தவர். அவரோடு தேவாலயத்துக்குப் போய்ப் பக்கத்தில் முழங்காலிட்டு வேண்டினான். ஆனெத் பஸ்கால் தையல்காரர். மரி-தெரேஸ் மர்ஷாதியே முன்பு பாலியல் தொழிலில் இருந்தவர், ஒரு கிராமத்து வீட்டில் நாய்களோடு அமைதியாக வாழ ஆசைப்பட்டவர். அவன் பின்னர் வாடகைக்கு எடுத்த காம்பே கிராமத்து வீட்டின் தோட்டத்தைத் தோண்டியபோது போலீஸாருக்கு முதலில் கிடைத்தவை கயிற்றால் நெரிக்கப்பட்ட அந்த நாய்களின் உடல்கள்தாம்.

ஒவ்வொருவரிடமும் அவன் அவரவர் கனவையே திருப்பிக் கொடுத்தான். பட்டியலில் ஒட்டாத ஒரே பெயர் அந்த்ரே பாப்லே. 19 வயதுப் பணிப்பெண், கையில் காசே இல்லாதவர். 1917-ல் மெட்ரோ ரயிலில் சந்தித்தான். அவரைக் கொன்று அவனுக்குக் கிடைத்த லாபம் ஒன்றுமில்லை. அவன் காகிதங்களில் எதையாவது அந்தப் பெண் பார்த்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

1915 கடைசியில் வெர்னுயேவை விட்டு, பாரிஸிலிருந்து இன்னும் தள்ளி, காம்பே கிராமத்தின் ஓரத்தில் தனித்து நின்ற ஒரு வீட்டை 'துய்ப்போன்' என்ற பெயரில் வாடகைக்கு எடுத்தான். ஒரு அடுப்பு வாங்கிப் பொருத்தினான். வேறு சில சமயங்களில் 'குஷே' என்றும் பெயர் சொல்லிக்கொண்டான், தான் கொன்ற பெண்ணின் குடும்பப் பெயரை. வீட்டுப் புகைபோக்கியிலிருந்து நாற்றம் பிடித்த கரும்புகை வந்ததை ஊரார் கவனித்தார்கள். பேசிக்கொண்டார்கள். அதோடு நின்றது. போர்க்காலத்தில் ஆட்கள் வருவதும் போவதும், வீடுகள் காலியாவதும் சாதாரணம். போலீஸிலும் ஆள் பற்றாக்குறை. நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி காதலனோடு எங்கோ போய்விட்டாள் என்றால் அதைக் குற்றமாக யாரும் பார்க்கவில்லை, அவமானமாகத்தான் பார்த்தார்கள். குடும்பங்களே வெளியில் சொல்லத் தயங்கின. அதற்குள் அந்தப் பெண்களின் பெயரில் அட்டைகளும் செய்திகளும் உறவினருக்கு வந்துகொண்டிருந்தன, எல்லாம் அவன் ஏற்பாடு.

இவனைப் பிடித்தது யார்? பிடிக்க வைத்தது ஒரு வீட்டுப் பணிப்பெண். செலஸ்தீன் புயிசோனின் தங்கை மரி லகோஸ்த். 'ஃப்ரெமியே' என்ற பெயரில் அக்காவோடு பழகிய அந்த ஆள் மேல் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை இல்லை. காம்பே வீட்டுக்கு ஒருமுறை விருந்தாளியாகப் போயிருந்ததால் இடம் நினைவில் இருந்தது. அக்காவிடமிருந்து தகவலே இல்லாமல் போகவே, 1919 ஜனவரியில் அந்த ஊர் மேயருக்குக் கடிதம் எழுதினார்: ஃப்ரெமியே என்பவரையும் என் அக்காவையும் பற்றி ஏதாவது தெரியுமா? மேயர் அலுவலகத்துக்கு இதே மாதிரி இன்னொரு விசாரணையும் வந்திருந்தது. ஆன்னா கொலோமின் சகோதரி எழுதியது. அப்படிப் பெயர் கொண்ட ஆள் இங்கே இல்லை, நீங்கள் சொல்லும் வீட்டை எடுத்திருப்பது துய்ப்போன் என்பவர் என்று பதில் போன கையோடு, இரண்டு குடும்பத்துக்கும் தொடர்பு ஏற்படுத்திக் கொடுத்தார்கள்.

இரண்டு குடும்பமும் சந்தித்து, ஆளின் அடையாளங்களை ஒப்பிட்டன. வழுக்கை, தாடி, கண்கள், அதே வீடு. ஒரே ஆள். இந்த வழக்கில் உண்மையான துப்பறிதல் நடந்தது இங்கேதான் என்பேன். நான்கு வருடம் அரசாங்கத்தின் எந்தப் பிரிவும் போடாத கோட்டை, ஒரு பணிப்பெண்ணின் கடிதம் போட்டது. அதன் பிறகுதான் வழக்கு இன்ஸ்பெக்டர் ஜூல் பெலான் கைக்கு வந்தது. ஏப்ரலில் ரிவோலி தெருவில் ஒரு பீங்கான் கடையில் இளம்பெண்ணோடு சாமான் வாங்கிய ஆளை லகோஸ்த் தரப்பில் அடையாளம் கண்டு சொன்னார்கள். கடையில் அவன் விட்டுப்போன முகவரியை வைத்து மறுநாளே போலீஸார் கதவைத் தட்டினார்கள்.

பிடித்த பிறகு விசாரணை சொதப்பியது. காம்பே வீட்டை முதல் நாள் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, சீல் வைக்காமல் விட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் உள்ளே நடமாடினார்கள். இரண்டு வாரம் கழித்துத்தான் சாம்பலைச் சலித்து எரிந்த எலும்புத் துண்டுகள், பற்கள், உடுப்பின் கொக்கிகள், பொத்தான்கள் எல்லாவற்றையும் எடுத்தார்கள். மூன்று பேருடைய எலும்புகளாவது இதில் இருக்கின்றன என்றார் தடயவியல் மருத்துவர் சார்ல் பால். உடல் என்று ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எப்படிக் கொன்றான் என்பதும் தெரியவில்லை. லாந்த்ரு வாய் திறக்கவேயில்லை. பெண்களின் அந்தரங்கத்தைப் பற்றிப் பேசுவது கண்ணியமல்ல என்பான், உடல்களைக் காட்டுங்கள் என்பான். மனைவியும் மூத்த மகனும் கைதாகிப் பிறகு விடுவிக்கப்பட்டார்கள்.

1921 நவம்பர் 7-ம் தேதி வெர்சாய் நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியது. பாரிஸிலிருந்து கூட்டம் ரயிலேறி வந்தது. நாடக, இசையரங்க நட்சத்திரங்கள் வந்தார்கள், எழுத்தாளர் கொலெத் ஒரு நாளிதழுக்காக வந்து பார்த்து எழுதினார். நெரிசலில் நின்ற பெண்களுக்குத் தன் இருக்கையைத் தருவதாக லாந்த்ரு கூண்டிலிருந்து சொன்னபோது மன்றமே சிரித்தது. அதே நாட்களில் சாட்சிக் கூண்டில் இறந்தவர்களின் சகோதரிகளும் தாயாரும் தோழிகளும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். பலரைப் பொறுத்தவரை அங்கே விசாரணையில் இருந்தது செத்துப்போன பெண்களின் ஒழுக்கம். இந்த வயதில் எதற்குக் காதல், விளம்பரத்தைப் பார்த்து யாராவது போவார்களா என்று. கேள்வி கேட்டவர்கள், தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்த ஜூரிகள், அந்த மன்றத்தில் அதிகாரத்தோடு இருந்த எல்லோருமே ஆண்கள். பிரான்ஸில் அப்போது பெண்களுக்கு வாக்குரிமைகூட இல்லை, 1944-ல்தான் வந்தது.

லாந்த்ருவின் வழக்கறிஞர் மோரோ-ஜியாஃபெரி திறமையாக வாதாடினார். மோசடிக்காரன்தான், ஒப்புக்கொள்கிறேன், கொலைக்குச் சாட்சி எங்கே என்பது அவர் வாதம். எதிரே அரசுத் தரப்பிடம் இருந்தவை அந்தப் பட்டியல், போகும் சீட்டுகள், கிடங்கில் குவிந்திருந்த சாமான்கள், சாம்பல். நவம்பர் 30 அன்று மரண தண்டனை. உடல் இல்லாத வழக்கு என்ற உறுத்தலோ என்னவோ, ஜூரிகளே கருணை மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். குடியரசுத் தலைவர் மில்லெரான் ஏற்கவில்லை. 1922 பிப்ரவரி 25 விடியற்காலை, வெர்சாய் சிறை வாசலில் கில்லட்டினில் அவன் தலை துண்டிக்கப்பட்டது. காம்பே அடுப்பைப் பின்னர் ஏலம் விட்டார்கள், அதை வாங்கவும் ஆள் இருந்தது. நான்கு வருடத்தில் அத்தனை பேரிடமிருந்தும் அவன் சேர்த்தது, அரசுத் தரப்புக் கணக்கில், சுமார் 35,000 பிராங்க்.

பட்டியலில் எல்லாவற்றுக்கும் ஆள் கண்டுபிடிப்பதுதான் போலீஸாருக்குக் கடினமாக இருந்தது. 'ஹாவ்ர்' என்பது பெர்த் எயோன், அவர் ஹாவ்ர் துறைமுக ஊர்க்காரர். 'க்ரொசாத்தியே' என்பது மரி-ஆன்ஜெலிக் கியான் குடியிருந்த தெரு. மிச்சம் இருந்தது 'பிரேசில்'. கிடங்குச் சாமான்களையும் கடிதங்களையும் கிளறி அவரையும் கண்டுபிடித்தார்கள். தெரேஸ் லபோர்த்-லீன், கணவரில்லாமல் பாரிஸில் தனியாக வாழ்ந்தவர், 1915 கோடையில் வெர்னுயே வீட்டுக்குப் போனவர். அவர் பிறந்தது பிரேசிலில் இல்லை, அர்ஜென்டினாவின் புவெனஸ் அய்ரெஸில். ரயில் சீட்டின் விலையைக் காசு பிசகாமல் எழுதிவைத்தவன், அந்தப் பெண் எந்த நாட்டில் பிறந்தார் என்பதைத் தப்பாக எழுதியிருந்தான்.